நாகர்முனை கடலுக்குள் போனதா? மலரில் போட வேண்டிய ஒரு வரி

நாகர்முனையான்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எங்கள் ஊர்ப் பெடியன்கள் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் திருக்கோவிலைப் பற்றிய முதல் பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. நான் இருப்பது கட்டாரில், வேலை விட்டு வந்து சமைத்துச் சாப்பிட்டு இரவு 11 மணிக்கு மேல்தான் எழுத முடிகிறது, அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வரி இது: “2500 ஆண்டுகளுக்கு முன் கீழைக்கடலின் பெருந்துறைமுகமாக விளங்கி, கடல்கோளில் மூழ்கிய நாகர்முனை நகரமே இன்றைய திருக்கோவில்.”

மலர்க்குழுவில் இருக்கிற ஒரு டீச்சர் இதை வெட்டச் சொல்கிறார். அவர் இந்த இணைய மன்றத்திலும் எழுதுகிறவர்தான், வந்து தன் நியாயத்தைச் சொல்லட்டும். என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பு மான்மியம் என்ற நூலில் எங்கள் ஊரின் பழைய பெயர் நாகர்முனை. இன்னொரு பழைய பெயரும் உண்டு, கண்டபாணத்துறை, கந்தபாணத்துறை என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். துறை என்று பெயர் இருக்கிறது, ஊர் கடல் வாசலில் இருக்கிறது, பிறகென்ன? 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியலில் இலங்கையின் கிழக்குக் கரையில் நாகதீபா என்று ஒரு பட்டினம் வருகிறது. அது ஏன் நாகர்முனையாக இருக்கக்கூடாது? எல்லாவற்றுக்கும் மேலாக, என் அப்பப்பா கடலுக்குள் கல்லுக்கட்டுப் பார்த்தவர். கரைவலை இழுக்கப் போன காலத்தில், தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில், மதில் மாதிரி நேராக ஓடினதாம். சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2004இல் கடல் ஊருக்குள் வந்ததை நாங்களே கண்ணால் பார்த்தோம். ஒரு காலை நேரத்தில் அவ்வளவு செய்த கடல் 2500 வருடத்தில் ஒரு நகரத்தை விழுங்காதா?

திருகோணமலைக்காரர் எழுதுகிறார்கள், யாழ்ப்பாணத்தார் எழுதுகிறார்கள். நாங்கள் ஒரு வரி எழுதினால் மட்டும் ஆயிரம் கேள்வி.

களப்போரம்

தம்பி, நான்தான் அந்த டீச்சர். புவியியல் படிப்பித்துப் பென்சன் எடுத்தவள். உங்கள் பக்கத்தில் தீர்த்தக்கரையைப் பற்றி எழுதிய பந்தியை இரண்டு தரம் வாசித்தேன், நல்ல எழுத்து. அந்த முதல் வரிதான் தொண்டையில் மீன்முள்ளு.

ஒரு கேள்வி கேட்கிறேன். நகரம் மூழ்கியது என்றால் கோயில் எப்படித் தப்பியது? ஊரில் இருக்கிற கட்டடங்களில் பழையது சித்திரவேலாயுத சுவாமியின் அந்தக் கற்கட்டுத்தான். அது எங்கே நிற்கிறது? சுவாமி தீர்த்தமாட வெளிவீதி தாண்டிப் போனால் கால் மணலில் புதைகிற இடத்தில். கடல் வந்து நகரத்தை எடுத்துக்கொண்டு போனது என்றால், தன் வாசலிலேயே நின்றதை விட்டுவிட்டு வேறு எதை எடுத்தது? கோயில் கட்டிய நாளில் இருந்து கரை பெரிதாக நகரவில்லை என்பதற்குக் கோயிலே சாட்சி.

கடல்மட்டம் உயர்ந்து மூழ்கியது என்றும் சொல்ல முடியாது. கடல் தாழ்ந்து கிடந்தது உண்மைதான், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தது. அது ஏறி ஏறி 6000, 7000 ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய மட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. நீங்கள் சொல்கிற 2500 ஆண்டுக் கணக்குக்குள் ஒரு பட்டினத்தை மூடுகிற அளவுக்கு ஏறவில்லை. சுனாமிக் கதையும் அப்படித்தான். அலை வந்தது, அடித்தது, திரும்பிப் போனது. டிசம்பர் 27ஆம் தேதி விடிய எங்கள் நிலம் அதே இடத்தில்தான் இருந்தது. மனிதர்கள்தான் இல்லை.

தாலமியை விட்டுவிடுங்கள். அவருடைய வரைபடத்தில் இலங்கை உண்மையில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக வீங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு புள்ளியைத் தொட்டு இதுதான் எங்கள் ஊர் என்றால் பொத்துவில்காரரும் வாகரைக்காரரும் அதே புள்ளிக்கு வருவார்கள். பாளி நூல்களின் நாகதீபமோ யாழ்ப்பாணப் பக்கம்.

நாகர்முனையான்

டீச்சர், அப்போ என் அப்பப்பா பொய் சொன்னாரா?

களப்போரம்

அப்பப்பா பார்த்தது பார்த்ததுதான். அது என்ன என்பதில்தான் கதை. கரையோரத்தில் மணலும் சிப்பியும் சேர்ந்து இறுகிப் பாறையாகும். மீன்பிடிக்கிறவர்கள் பார் என்பார்கள். அது கரைக்குச் சமாந்தரமாக நேராகவே ஓடும், வெடித்தால் சதுரம் சதுரமாக, கொத்தன் வைத்த கல் மாதிரி உடையும். படித்தவர்களே அதைப் பார்த்து மதில் என்று ஏமாந்திருக்கிறார்கள்.

சம்பான் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். சம்மாந்துறையில் இருந்து எழுதுகிறேன். இந்த ‘துறை’ விசயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊர் பெயரிலும் அது இருக்கிறது, எங்கள் ஊரில் கடல் இல்லை! சுற்றிவர வயல். வெளியூர் மாப்பிள்ளைமார் முதல் தரம் வந்தால் துறை எங்கே என்று கேட்பார்கள். சம்பான் வந்து நின்ற துறை, அதுதான் மருவிச் சம்மாந்துறை என்று பெரியவர்கள் சொல்வார்கள். சம்பான் என்றால் சரக்கு ஏற்றுகிற தோணி. அது வந்தது கடலால் இல்லை, கடலை ஒட்டி உள்ளே கிடக்கிற நீர்ப்பரப்பான களப்பால். ரோட்டு வர முதல் மட்டக்களப்பு வாவிதான் எங்களுக்கு ரோட்டு.

இன்னும் ஒன்று சொல்கிறேன், புளியந்தீவுக்காரர் (இன்றைய மட்டக்களப்பு நகரத்தார்) கோபிக்கக் கூடாது. பழைய மட்டக்களப்பு என்ற பெயரே எங்கள் பக்கத்துக்குரியது என்று எழுதியவர்கள் உண்டு. போர்த்துக்கேயன் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினான், 1638இல் ஒல்லாந்தன் அதைப் பிடித்தான், பெயரும் கோட்டையோடு வடக்கே போய்விட்டது.

விசயத்துக்கு வாறேன். எங்கள் கிழக்கில் துறை என்று முடிகிற பெயர்களை எண்ணிப் பாருங்கள். அம்பிலாந்துறை களப்பில். மண்முனைத்துறை களப்பில், 2014இல் பாலம் வருகிறவரைக்கும் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் எழுவான்கரையில் (களப்பின் கிழக்குக் கரை) இருந்து படுவான்கரைக்கு (மேற்குக் கரை) போனோம். குருமண்வெளித் துறையும் களப்பில், மண்டூருக்குப் போகிறவர்கள் இன்றும் அதில்தான் போகிறார்கள். சம்மாந்துறை சொல்லிவிட்டேன். இப்போ தம்பி சொல்லட்டும், கண்டபாணத்துறை மட்டும் ஏன் கடலைப் பார்த்து இருக்கவேண்டும்? உங்கள் ஊருக்கு மேற்கேயும் களப்பு இருக்கிறதுதானே?

கோமாரி வெயில்

நகரம் மூழ்கினதோ இல்லையோ, மலரில் எங்கள் கோமாரியையும் இரண்டு வரி போடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பொத்துவில் வரை தூங்கிக்கொண்டே போகிறார்கள்.

நாகர்முனையான்

காக்கா, நல்லாக மடக்கினீர்கள், ஆனால் நான் விழவில்லை. துறையை எடுத்தீர்கள், முனையை ஏன் விட்டீர்கள்? முனை என்றால் நிலம் நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இன்றைக்குக் கூகுள் வரைபடத்தில் எங்கள் கரையைப் பாருங்கள், அடிமட்டம் வைத்துக் கோடு கீறினது மாதிரி நேர். நீட்டிக்கொண்டு நின்ற முனை எங்கே போனது? கடல் தின்றது. வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

மறுகா ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள், அதற்குப் பிறகு ஒலுவில் கரையும் அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கமும் எவ்வளவு போய்விட்டது என்று அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள். தென்னந்தோட்டம் போனது, மீன்வாடி போனது. சில வருடத்தில் இவ்வளவு என்றால் ஆயிரம் வருடத்தில்? டீச்சர் சொல்கிற ‘கரை நகரவில்லை’ எப்படிச் சரியாகும்?

களப்போரம்

இது நல்ல கேள்வி. நான் பரீட்சைக்குக் கேட்டிருப்பேன்.

ஒலுவிலில் நடந்தது கடலின் குணம் மட்டுமில்லை. எங்கள் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலை அதைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும், வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கில் இருந்து வடக்குக்கு. அந்தப் பாதையில் கல்லணை போட்டார்கள். தெற்கே மணல் தேங்கியது, வடக்கே வரவேண்டியது வரவில்லை, அதனால் கடல் வடக்குக் கரையைச் சுரண்டியது. துறைமுக வாயும் மணலால் மூடத் தொடங்கியது. ஒலுவில் உங்களுக்குச் சாட்சி இல்லை தம்பி, எனக்குத்தான் சாட்சி. இயந்திரமும் கல்லும் இவ்வளவு காசும் வைத்துக்கொண்டு இந்தக் கரையில் ஒரு வாயைத் திறந்து வைத்திருப்பதே இவ்வளவு பாடு என்றால், 2500 வருடத்துக்கு முன் ஒரு “பெருந்துறைமுகம்” எப்படித் தாக்குப்பிடித்திருக்கும்? திருகோணமலை போல மலையால் மூடின குடாவா எங்களுக்கு இருக்கிறது? கிழக்கே முழுக்கத் திறந்த கடல்.

முனை கதை எனக்கும் குடைகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். கல்முனை கடற்கரையில். ஆனால் மண்முனை களப்போரத்தில். ஆகவே முனை என்ற சொல்லும் கடலைத்தான் காட்டும் என்றில்லை. கடல் கொஞ்சம் தின்றிருக்கலாம். கொஞ்சம் என்பது வேறு, நகரம் என்பது வேறு.

கீழைக்காற்று

எல்லாரும் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறீர்கள். கொஞ்சம் வெளியே பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் எந்த மணல்மேட்டில் எப்போது எவன் தொல்லியல் இடம் என்று பலகை நடுவான் என்று தெரியாத காலம். 1961 வரைக்கும் மட்டக்களப்பு மாவட்டமாக இருந்ததைப் பிரித்து அம்பாறை என்று தனியாக்கினார்கள், அன்றிலிருந்து எங்கள் பழமையைப் பற்றி நாங்கள்தான் கத்தவேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் ‘அது இல்லை, இது இல்லை’ என்று எங்கள் ஆட்களே எழுதிக் கொடுத்தால் வேறொருவன் அதை எடுத்துக்காட்டுவான். தம்பி, 2500 என்று போடுங்கள், வேண்டுமானால் 3000 என்றும் போடுங்கள்.

களப்போரம்

கீழைக்காற்று, உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் கையில் உண்மையான கல் இருக்கும்போது ஏன் காற்றில் நகரம் கட்டவேண்டும்? இந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சங்கபோதி பட்டம் தாங்கிய விஜயபாகு தேவரின் பத்தாம் ஆட்சியாண்டு, தை மாதம் 20ஆம் நாள், சிவஞான சங்கரர் கோயிலுக்குக் கொடுத்த தானம். அதைக் கெடுக்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் உண்டு. அந்த விஜயபாகு கோட்டை அரசன் 6ஆம் விஜயபாகு, அதாவது 1521இல் கொல்லப்பட்டவன், என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு சிங்கள அரசனின் பெயரில், தமிழில், ஒரு சைவக் கோயிலுக்குக் கொடை. இதைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் பக்கத்திலேயே 3000 வருடம் என்று போட்டால் வாசிக்கிறவன் இந்தக் கல்லையும் சேர்த்துத்தான் சிரிப்பான். மலரின் முதல் பக்கத்தில் இந்தக் கல்வெட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வேலடியான்

டீச்சர், மன்னிக்கவேண்டும். சிவஞான சங்கரர் கோயில் என்று சொல்கிறீர்கள். எங்கள் கோயில் முருகன் கோயில். வேலைத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறோம். இந்தப் பேச்சு மலரில் வந்தால் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரிடம் யார் பதில் சொல்வது? கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மண்டூரில் இருந்து எங்கள் கோயிலுக்கு வந்து, மறுகா பொத்துவில், பாணமை, உகந்தை என்று போவது எதற்கு? எல்லாம் வேலவன் வழி. கல்லில் என்ன எழுதியிருந்தாலும் கோயிலின் பெயர் எங்களுக்குத் தெரியும்.

களப்போரம்

நான் கோயிலை மாற்றவில்லையே. கல்லில் இருப்பதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் அங்கே சிவன் சந்நிதியும் இருந்திருக்கலாம், சிவஞான சங்கரர் என்பதே முருகனைக் குறிக்கும் என்று பொருள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலும் கல்வெட்டும் ஒரே வீதியில் இத்தனை காலம் சண்டை பிடிக்காமல் இருக்கின்றன.

வேலடியான்

அப்படி எழுதினால் சரி. சங்கரர் என்று மட்டும் மொட்டையாகப் போடவேண்டாம்.

சாகாமத்தான்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். கொஞ்சம் கிறுகி மேற்கே பாருங்கள். நான் வயல் செய்கிறவன். சாகாமக் குளத்து நீர்தான் எங்களுக்குச் சோறு. பழைய குளம், மறுகா திருத்திக் கட்டினது. அதற்கு அங்கால் கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் பக்கம் காட்டுக்குள் போனால் உடைந்து கிடக்கிற அணைக்கட்டும் செங்கல் துண்டும் காலில் தட்டுப்படும். மாடு தேடிப் போன நாட்களில் நான் அவற்றில் குந்தி வெற்றிலை போட்டிருக்கிறேன். குளம் வெட்டினவன் சும்மா வெட்டியிருப்பானா? நெல் விளைந்தது, ஆட்கள் இருந்தார்கள். கடற்கரை மணலில் என்ன விளையும், தென்னையும் கச்சானும் (நிலக்கடலை)தான். ஊரின் வயிறு மேற்கே இருந்தது. கோயிலும் தீர்த்தமும் கிழக்கே. நடுவில் களப்பு. அறுவடை முடிந்து நெல் மூட்டை களப்பைக் கடந்து வந்து இறங்கின இடம்தான் துறை என்று நான் நினைக்கிறேன். படித்துச் சொல்லவில்லை, வண்டில் போகாத இடத்துக்குத் தோணிதான் போகும் என்று தெரிந்து சொல்கிறேன்.

அப்புறம், 2000 வருடப் பழமை வேண்டும் என்றால் எங்கள் கரையில் அது இருக்கத்தான் செய்கிறது, இந்த ஊர் எல்லைக்குள் இல்லை, அவ்வளவுதான். பாணமைக்கு அங்கால் குடும்பிகலக் குகைகளில் பிராமி எழுத்து வெட்டியிருக்கிறது. வடக்கே வாகரைக்கு அப்பால் கதிரவெளியில் பலகைக் கல் நிறுத்திப் பிணம் அடக்கின ஈமக்குழிகள் இருக்கின்றன, ஆதிக்காலம். மேலேயும் கீழேயும் ஆட்கள் இருந்தால் நடுவில் இருந்தவன் மட்டும் கடலுக்குள்ளா இருந்தான்?

சம்பான் காக்கா

சாகாமத்தார் சொன்னது கல்லில் எழுத வேண்டியது. தம்பி, துறையை மேற்கே திருப்பிப் போடுங்கள், ஒரு மூட்டை நெல் நான் அனுப்புகிறேன்.

நாகர்முனையான்

எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்கள். சரி, மூழ்கிய நகரத்தை நான் எடுத்துவிடுகிறேன். கோயில் நிற்கிறதே என்று டீச்சர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதை யோசித்து யோசித்து நேற்று நித்திரையே இல்லை. தாலமியும் போகட்டும். ஆனால் கடலில் கப்பலே நிற்கவில்லை, எல்லாம் களப்புத்தான் என்று சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். இந்தக் கோயில் கட்டக் கல் எங்கிருந்து வந்தது? சிற்பாசாரிகள் எங்கிருந்து வந்தார்கள்? சோழ நாட்டு ஆட்கள் வந்து புதுப்பித்ததாக மான்மியக் கதையிலேயே இருக்கிறது. அவர்கள் நடந்தா வந்தார்கள்?

களப்போரம்

மான்மியம் ஏட்டுச்சுவடிகளில் இருந்து தொகுத்து 1962இல் அச்சான நூல். அதில் வருகிற அரசர்களை வருடத்தோடு கட்டி வைப்பது கடினம். மக்கள் தங்கள் பழமையை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அது தங்கம். துறைமுகத்துக்கு அது ஆதாரம் ஆகாது.

தண்டயல் மகன்

நான் இங்கே வாசிக்கிறவன், எழுதுவது குறைவு. கடற்தொழில். தம்பியின் அப்பப்பாவை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் பார்த்த இடம் எதுவென்று தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலாவது, துறைமுகம் என்றால் வருடம் முழுக்க என்று ஏன் நினைக்கிறீர்கள்? எங்கள் கடல் இரண்டு கடல். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் காற்று நிலத்தில் இருந்து கடலுக்கு. கரையடி குளம் மாதிரிக் கிடக்கும், பெரிய வள்ளத்தையும் கொஞ்சம் வெளியே நங்கூரம் போட்டு விட்டுச் சின்னத் தோணியில் சாமான் இறக்கலாம். அணையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வாடை பிறந்தால் அது வேறு கடல். வள்ளத்தை இழுத்துத் தென்னையடியில் கட்டாவிட்டால் காலையில் பலகைதான் பொறுக்கவேண்டும். அந்த மாதங்களில் மழை வந்து களப்பு முட்டும், மணல்திட்டை வெட்டி விட்டால் வாய் திறந்து தண்ணீர் பாயும், கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கும் வெளிக்கும் வழி இருக்கும், மறுகா கடலே மணலைப் போட்டு மூடிவிடும். ஆகவே பழைய ஆட்கள் ஆறு மாதம் கடலிலும் ஆறு மாதம் களப்பிலும் தொழில் செய்திருப்பார்கள். டீச்சரும் சரி, தம்பியும் சரி. இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

இரண்டாவது அந்தக் கல். அது பார்தான். வலை சிக்கும் என்பதால் எங்களுக்கு அதன் ஒவ்வொரு மூலையும் தெரியும். வலை இழுத்து வரும்போது அம்பா பாடுகிற குரல் மாறும், முன்னால் நிற்கிறவன் கையைத் தூக்குவான், எல்லாரும் கயிற்றை இளக்குவோம், ஒருவன் குதித்து வலையின் மடியைக் கல்லில் இருந்து கழற்றிவிட்டு வருவான். அப்படி எத்தனையோ தரம் குதித்தவன் நான். கையால் தடவினால் சிப்பி வெட்டும், உடைத்தால் உள்ளே மணல், சின்னச் சின்னச் சங்கு. மனிதன் செதுக்கினது இல்லை. டீச்சர் சொன்ன மாதிரி நேராக வெடித்திருக்கும், பார்க்கிறவனுக்கு மதில்தான்.

ஆனால் ஒன்று. அதன் தெற்கு முனையில், பாருக்கும் மணலுக்கும் இடையில், வேறு மாதிரிக் கல் ஒன்று கிடக்கிறது. கறுப்பு. ஒரு மூட்டை அரிசி அளவு வரும். நடுவில் ஒரு ஓட்டை, என் கை மணிக்கட்டு வரைக்கும் போகும், உள்பக்கம் வழவழப்பு. அந்தப் பாரில் அந்த வகைக் கல் வேறு இல்லை. சும்மா பழைய கரைவலைக்காரர் பாரத்துக்குக் கட்டினதாகவும் இருக்கலாம், இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாகர்முனையான்

அண்ணன்!!! இதை ஏன் முதலே சொல்லவில்லை? கல்நங்கூரம் அண்ணன் அது!

களப்போரம்

பொறுங்கள், பொறுங்கள். நங்கூரம் என்று இப்போதே பெயர் வைக்காதீர்கள். உரலாக இருக்கலாம், கோயில் கற்கட்டில் இருந்து விழுந்ததாக இருக்கலாம். திருகோணமலையில் 1956இல் கடலுக்கு அடியில் தூணும் கல்லும் கண்டபோதும் மூழ்கின நகரம் என்று கனவு கண்டவர்கள் உண்டு, அது போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளின கல். நங்கூரமே என்றாலும் அது ஒரு தோணி நின்றதைத்தான் சொல்லும். நகரத்தைச் சொல்லாது, 2500ஐயும் சொல்லாது.

(ஆனால் எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது. படம் ஏதும் இருக்கிறதா?)

தண்டயல் மகன்

படம் இல்லை டீச்சர். தண்ணீருக்குள் எடுக்கிற போன் என்னிடம் இல்லை. கல்லைத் தூக்கிக்கொண்டும் வரமாட்டேன், கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும். தூக்கினால் எங்கிருந்து எடுத்தது என்று நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

களப்போரம்

அதைத் தொடாமல் விட்டதற்கே உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கடன்.

கீழைக்காற்று

தொல்லியல் ஆட்களுக்கு யாரும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்.

களப்போரம்

சொல்லத்தான் வேண்டும். முதலில் நாங்கள் பார்ப்போம், அளப்போம், எங்கே கிடக்கிறது என்று குறிப்போம். மறுகா எழுத்தில் கொடுப்போம், பிரதி எங்கள் கையிலும் இருக்கும்.

நாகர்முனையான்

மலர் அச்சுக்குப் போக இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

“மேற்கே களப்பும் கிழக்கே கடலும் அணைக்க, நடுவே மணல்மேட்டில் நிற்கும் எங்கள் ஊரை முன்னோர் நாகர்முனை என்றும் கண்டபாணத்துறை என்றும் அழைத்தனர். விஜயபாகு தேவரின் பத்தாம் ஆண்டில் இங்குள்ள கோயிலுக்குத் தானம் கொடுக்கப்பட்டதைத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. கச்சான் காலத்தில் கடல்வழியாகவும் மாரியில் களப்புவழியாகவும் மரக்கலங்கள் வந்து சென்ற துறை இது.”

வேலடியான் அண்ணன், கல்வெட்டுக்கு அடுத்த பந்தியில் வேலைப் பற்றி முழுதாக எழுதியிருக்கிறேன், பயப்படவேண்டாம்.

களப்போரம்

முதல் இரண்டு வசனமும் என் கையெழுத்தோடு போகட்டும். மூன்றாவதில் “வந்து சென்ற” என்பதை “வந்து சென்றிருக்கக்கூடிய” என்று மாற்றுங்கள்.

நாகர்முனையான்

மாற்றமாட்டேன் டீச்சர். அதையாவது விடுங்கள்.

சம்பான் காக்கா

நான் நெல்லை “களப்புவழியாக” என்ற சொல்லுக்காகத் தருகிறேன், மற்றதில் எனக்குப் பங்கில்லை.

களப்போரம்

“கூடிய” இல்லாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். குழுவில் பேசுவோம்.

தண்டயல் மகன்

தம்பி தீர்த்தத்துக்கு ஊருக்கு வாறதுதானே. மறுநாள் விடிய 5 மணிக்கு வாடிக்கு வாருங்கள், டீச்சரையும் கூட்டிக்கொண்டு. வெயில் ஏற முதல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வள்ளத்தில் இருந்து குனிந்தாலே பார் தெரியும். ஆவணி தாண்டினால் கலங்கிவிடும், வாடை பிறந்தால் அடுத்த வருடம்தான். டீச்சருக்கு நீந்தத் தெரியுமா?

களப்போரம்

கல்லாற்றில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?